டிரம் சித்தியின் இடது கை

படம் வரைய உட்காருமுன் அண்ணி நகங்களைத் துடைப்பார். ஈரத்துண்டின் மூலையை முறுக்கிக் கூராக்கி, கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு நகத்தின் அடியிலும் விட்டு எடுப்பார். வெள்ளையாகத் தூள் வரும். பல்செட் செய்யும் லேபில் நாளெல்லாம் அவர் கை புரளும் பிளாஸ்டர் அது. துடைத்து முடித்து, சமையலறை மேசையில் காகிதத்தை விரித்து, அதன் குறுக்கே பென்சிலைப் படுக்க வைத்துவிட்டு, போனில் பாட்டைத் தட்டுவார். பாடுகிறவள் முதல் மூச்சு வாங்கும்வரை பென்சிலைத் தொட மாட்டார். தொட்டுவிட்டால் பாட்டு முடியும்வரை நிறுத்த மாட்டார். பாட்டு நின்ற கணம் பென்சில் மறுபடி குறுக்கே படுத்துவிடும். மூக்கு பாதியில் நின்றாலும் சரி, ஒரு காது வராமலே போனாலும் சரி. அந்தப் படத்தை அதன் பிறகு தொடுவதில்லை.

வரைவதெல்லாம் கறுப்பினப் பெண் இசைக்கலைஞர்களை மட்டும். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள் இல்லை நான். அண்ணனிடம் அவர் சொன்னதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். லேபில் பல்லை மெருகேற்றும் இயந்திரத்தின் இரைச்சலுக்குப் போட்டியாக ஒரு ரேடியோ ஓடுமாம். ஒருநாள் மின்சாரம் போய் இயந்திரங்கள் எல்லாம் நிற்க, பேட்டரி போட்ட அந்த ரேடியோவில் ஒரு கறுப்பினப் பெண் மட்டும் பாடிக்கொண்டிருந்தாள்.

"அடிவயித்துலேருந்து வந்துச்சுங்க. இவ வாய் எப்படி இருக்கும்னு பாக்கணும்போல ஆயிடுச்சு."

"தொழில் புத்தி," என்றான் அண்ணன்.

முதலில் வரைந்த படங்களில் வாய்தான் படம். முகம் சும்மா ஒப்புக்கு. "இது பாட்டுக்காரியா, பல்செட் விளம்பரமா?" என்று அண்ணன் கேட்டுவிட்டு ஒரு வாரம் அண்ணியின் உர்ரென்ற முகத்தைப் பார்த்தான். பிறகு அண்ணி கண்ணுக்கும் நெற்றிக்கும் ஏறினார். அந்தத் தோலுக்கு மிகவும் சிரமப்பட்டார். பென்சிலை அழுத்தி நிரப்பினால் முகம் கரிச்சட்டி ஆகிவிடும். ஆகவே வெளிச்சம் விழும் இடத்தை முதலில் காகிதத்தோடு விட்டுவைத்து, இருட்டை அதைச் சுற்றி மெல்ல மெல்லக் கொண்டுவருவார். "பல்லுல பதினாறு வெள்ளை வெச்சிருக்கோம் தம்பி, ஒண்ணு மாறினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. கறுப்புக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணுதானா?" என்றார் என்னிடம்.

பெயர்கள் அவர் நாக்கில் புரளாது. கேட்கக் கேட்க உறவு வைத்துவிடுவார். கிதார் பெரியம்மா, சாக்ஸபோன் அக்கா, பியானோ மதினி, டிரம் சித்தி. "உன் சொந்தத்துல யாருக்கும் இவ்வளவு மரியாதை கிடைச்சதில்ல," என்பான் அண்ணன். "அவங்க யாரும் இப்படிப் பாடினதில்ல," என்பார் அண்ணி.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் பொது நூலகத்தின் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே தலைமை நூலகர். மாட்டிக்கொண்டவரிடம் ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் எழுதாத விதி. அண்ணன் கதவிடுக்கு வழியாக மழை, விலைவாசி, முட்டிவலி எல்லாம் பேசித் தீர்த்து, வேறு சரக்கில்லாமல் பெண்டாட்டி படம் வரைவதைப் பேசினான். வெளியே வந்ததும் நூலகர் முதலில் தண்ணீர் கேட்டார். அடுத்து, படங்களைக் காட்டச் சொன்னார். இசைப்புத்தகப் பகுதியின் பக்கத்தில் ஒரு சுவர் ஒரு மாதத்துக்குக் காலியாக இருக்கிறதாம்.

அன்றிரவு சாப்பிடும்போது, "அந்தச் சுவர் எவ்வளவு நீளம் இருக்கும்?" என்று அண்ணி கேட்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார். அவர் செய்த பல்லை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் கல்யாண போட்டோவுக்குச் சிரித்திருப்பார்கள். ஒருவருக்கும் அவரைத் தெரியாது. பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராமல் இருந்தால்தான் அந்த வேலை நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒரு வேலையிலேயே வயது நாற்பதைத் தாண்டியவர், நாலு பேர் நின்று பார்க்கும் இடத்தில் தன் கைவேலை தொங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். வாய்விட்டுச் சொல்லவில்லை. சுவரின் நீளத்தைத்தான் கேட்டார்.

நூலகர் எங்கள் வீட்டுக்கே வந்தார். மெதுவாகப் பேசுகிற, எதற்கும் யாரையும் தொந்தரவு செய்யக் கூச்சப்படுகிற பெண்மணி. தேநீருக்குச் சர்க்கரை போதவில்லை என்றுகூடச் சொல்லாமல் குடித்தார். படங்களைக் கட்டிலில் பரப்பினோம். டிரம் சித்தியிடம் நின்றுவிட்டார். வலது கையில் குச்சி ஓங்கியிருக்கிறது. இடது கை முழங்கைக்குக் கீழே வெறும் காகிதம்.

"இது முடியலையே."

"பாட்டு முடிஞ்சிருச்சு மேடம்," என்றார் அண்ணி.

நூலகர் சிரிக்கலாமா என்று தெரியாமல் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தான். பிறகு அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: பொதுமக்கள் வருகிற இடம், பாதிப் படத்தை மாட்டினால் கேள்வி வரும், பதினைந்து நாளில் முழுதாக்கிக் கொடுங்கள். இல்லையென்றால் பறவைப் படம் எடுக்கிறவர் ஒருவர் காத்திருக்கிறார்.

அண்ணி முழுதாக்கிப் பார்த்தார். பாட்டில்லாமல், புகைப்படத்தைப் பார்த்துச் சாக்ஸபோன் அக்காவுக்கு வராமல் போன காதையும் தோளையும் போட்டார். எல்லாம் அளவெடுத்த மாதிரி இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றான் அண்ணன்.

"பல்செட்டு கையில இருக்கும்போது நல்லாத்தாங்க இருக்கும். வாயில வெச்சாத்தான் தெரியும். இவ வாசிக்கல. போட்டோவுக்கு நிக்கிறா."

"அப்ப நீளமான பாட்டாப் பிடி. படமும் முடியும், பாட்டும் முடியும். தம்பி, தேடுடா."

தேடினேன். மேடையில் வாசித்த பதிவு ஒன்று அகப்பட்டது. முடியவே முடியாது போலிருந்தது. பாதியிலேயே பியானோ மதினியின் முகம் முழுதாக வந்துவிட்டது. ஆனால் பாட்டு ஓடுகிறதே, நிறுத்த முடியுமா? அண்ணி மேலும் மேலும் தீட்டினார். சோறு வெந்த பிறகும் அடுப்பை அணைக்காத கதையாகி, மதினி கருகிப்போனார். அண்ணன் அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். இந்த முறை அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

பாதியில் நின்றதெல்லாம் எனக்குப் பிடிக்கும். புதுக்கவிதை படிக்கிறவனின் அபிப்பிராயத்துக்கு வீட்டில் மதிப்பில்லை என்பதால் சொல்லவில்லை.

கெடு முடிகிற நாள் அண்ணி அரைநாள் விடுப்பு போட்டார். "முடிக்காத படத்தையே கொண்டு போறேன். பல்செட்டைக் கையில மட்டும் வெச்சுப் பாத்துட்டு வேணாம்ங்கிற மாதிரி சொல்ல விடமாட்டேன்," என்றார். அண்ணனுடைய பழைய ஹெட்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். படங்களைத் தூக்க நானும் போனேன்.

நூலகரின் அறையில் மேசையைத் தவிர எல்லா இடத்திலும் புத்தகம். அண்ணி டிரம் சித்தியை அலமாரியில் சாய்த்து வைத்தார். நூலகரை எதிரே நாற்காலியில் உட்காரச் சொன்னார். தன் அதிகாரியைக்கூட அவர் அப்படி உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை. ஹெட்போனை நூலகரின் காதில் மாட்டி, வயரைப் போனில் செருகினார்.

"பாட்டு முடியற வரைக்கும் எந்திரிக்காதீங்க மேடம். படத்தை மட்டும் பாருங்க."

பாட்டு எனக்கும் அண்ணிக்கும் கேட்காது. போன் திரையில் ஒரு கோடு நகர்வதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம். நூலகர் முதலில் ஏதோ சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். பிறகு அசையவே இல்லை. வெளியே யாரோ கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள். கோடு கடைசிக்கு வந்தது.

நூலகர் ஹெட்போனைக் கழற்றவில்லை. "இன்னொண்ணு போடுங்களேன்," என்றார்.

அண்ணி அவசரத்தில் வயரைப் பிடுங்கி மறுபடி செருகி, கிதார் பெரியம்மாவைப் போட்டார். இந்த முறை நூலகரின் கால் தரையில் தாளம் போட்டது. அது முடிந்ததும் பேனாவை எடுத்துத் தேதி எழுதினார். "முழுச் சுவர் தர முடியாது. பறவைக்காரருக்கு வாக்குக் கொடுத்துட்டேன். ஆளுக்குப் பாதி. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு ஹெட்போன் மாட்டிடலாம், இங்க நிறைய கிடக்கு."

"பாதி போதும் மேடம்," என்றார் அண்ணி. வெளியே வந்து படியில் உட்கார்ந்து ஹெட்போன் வயரைச் சுற்றினார். சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

அந்த மாதம் வேலை முடிந்ததும் அண்ணி நேராக நூலகம் போவார். சுவர்ப்பக்கம் போக மாட்டார். செய்தித்தாள் மேசையில் ஒரு தாளை விரித்துவைத்து, அதற்கு மேலாகப் பார்ப்பார். ஒருநாள் சீருடை போட்ட காவலாளி ஒருவர் டிரம் சித்தியின் முன் ஹெட்போனோடு நின்று, தன் இடது கையைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாராம். வீட்டுக்கு வந்து அண்ணி அதை எங்களுக்கு நடித்துக் காட்டினார். "பறவைங்களை யாராச்சும் பாத்தாங்களா?" என்றான் அண்ணன். "அதுகளும் பாவம், நல்லாத்தான் இருக்கு," என்றார்.

மாதம் முடிந்து படங்களை எடுத்துவர நான் தனியாகப் போனேன். அன்று லேபில் அவசர வேலை. அண்ணியால் வர முடியவில்லை. நூலகர் தானே ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். டிரம் சித்தியைக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தாமதித்தது.

"உங்க அண்ணிகிட்ட சொல்லிடாதீங்க தம்பி. அன்னிக்கு முதல் பாட்டுல எனக்கு ஒண்ணுமே கேக்கல. வயரு பாதிதான் நுழைஞ்சிருக்கு போலிருக்கு. சொல்லலாம்னு பாத்தேன், அவங்க நின்ன நிலையைப் பாத்ததும் வாய் வரல. சத்தமில்லாம உக்காந்து படத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். அந்த இன்னொரு கை அடிக்கிற மாதிரி எப்ப இருந்து தெரிய ஆரம்பிச்சுதுன்னு தெரியல. சுவரைக் குடுத்துடறதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். பாட்டுன்னு காதுல விழுந்தது ரெண்டாவதுலதான்."