பம்புசெட்டுப் பச்சையில் ஒரு கார்

சோழவரத்தில் கார் பந்தயம் நடந்த ஒரு நாள், லாரியில் தண்ணீர் பீப்பாய்களோடு துணைக்குப் போயிருந்தான் வேதகிரி. வருஷம் எழுபது. அவனுக்கு இருபத்து மூன்று வயது. உத்திரமேரூரில் பம்புசெட்டு மோட்டார்களைப் பிரித்து மாட்டுவது அவன் தொழில். பீப்பாய்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அந்த வண்டி கண்ணில் பட்டது.

வேலியோரம், மூக்கைச் செடிகளுக்குள் நுழைத்துக்கொண்டு நின்றிருந்தது. பச்சை நிறம். கூரை கிடையாது. இரண்டு பேர்தான் உட்காரலாம். முன்சக்கரத்தின்மேல் எழுந்த மட்காடு மெதுவாகச் சரிந்து, கதவுக்குக் கீழே படியாக ஓடி, பின்சக்கரத்தின்மேல் மறுபடி எழுந்தது. இரும்பு இப்படி வளையுமா என்று வேதகிரி அங்கேயே நின்றுவிட்டான். பிறகு என்ன தோன்றியதோ, வலது கையை விரித்துச் சாண் சாணாக அளக்க ஆரம்பித்தான். நீளம் பதினேழு சாண். கதவு மூன்று சாண், நாலு விரல்.

"என்னப்பா பண்றே?" வண்டிக்காரர் கையில் சோடாவோடு வந்து நின்றார்.

"அளக்குறேன் சார்."

"எதுக்கு?"

வேதகிரி அடுத்த சாணை வைத்தான். அவர் சிரித்துவிட்டு, "சரி, அள" என்றார். அவன் செடிகளை விலக்கி முன்பக்கம் போகப் பார்ப்பதற்குள் லாரி ஹாரன் அடித்தது. ஓடினான். அந்த வண்டியின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஊருக்கு வந்ததும் பட்டறைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் சாண் கணக்கை எழுதிவைத்தான். ஆறு வருஷம் அது சுவரிலேயே இருந்தது. அதற்குள் பவளத்தைக் கல்யாணம் செய்துகொண்டான். கிணற்றுக்குள் இறங்கி மோட்டாரைக் கழற்றும்போது கீழே தண்ணீர் அசையும். அந்த அசைவில் மட்காட்டின் வளைவு ஒரு கணம் வந்து போகும். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் மேகம் நகர்ந்தால், பச்சை நிறத்தில் ஏதோ ஓடுவதுபோல இருக்கும். யாராவது கூப்பிட்டால்தான் அவனுக்கு நினைவு திரும்பும்.

ஆறாவது வருஷம் மாகறல் கிருஷ்ணசாமி முதலியார் தம்முடைய எரால்டு காரைப் பனைமரத்தில் மோதிவிட்டார். மேலே எல்லாம் நசுங்கிப்போய் வைக்கோல்போரின் பக்கத்தில் கிடந்தது. உள்ளே கோழிகள் முட்டையிட்டன. வேதகிரி படுத்துக்கொண்டு அடியில் பார்த்தான். சேசிஸ் சட்டம் நேராக இருந்தது. இன்ஜினும் பிழைக்கும்.

"ஐயா, மூணு மோட்டார் ரிப்பேர் பண்ணிக் குடுத்துக்கீறேன். கூலி வாணாம். இத்த குடுத்துருங்க."

"கோழிக் கூண்டா பண்ணப் போற?"

"கார் பண்றேன் ஐயா."

"அது கார்தானேடா!" என்று முதலியார் சிரித்தார். ஆனால் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டகை காலியாகத்தான் இருந்தது. அதில் கொண்டுவந்து இறக்கினான். நசுங்கிய மேல்பாகத்தைக் கழற்றிவிட்டு, மூங்கில் பிளாச்சுகளைக் கட்டி, மேலே ஏரி மண்ணைக் குழைத்து அப்பி, முதலில் வண்டியை மண்ணால் செய்தான். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பான். மட்காடு சரியும் இடத்தில் கை தயங்கினால் மண்ணை வழித்து மறுபடி அப்புவான். அந்த ஐப்பசியில் காற்றும் மழையும் அடித்துக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. விடிந்து பார்த்தால் மண் கார் கரைந்து, மூங்கில் பிளாச்சுகள் மட்டும் நின்றன. பவளம் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அவனோ அடுத்த தை மாதம் மறுபடி மண்ணைக் குழைத்தான்.

அதற்குப்பின் தகடு. மணல்மூட்டையின்மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டி வளைத்து, மண் வண்டியின்மேல் பொருத்திப் பார்த்து, மறுபடி தட்டினான். ஒட்டவைத்தது காஞ்சிபுரம் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஞானதாஸ்.

"ண்ணே, இத்த எட்த்துக்கினு எங்க போவப் போற?"

"எங்க போவணும்? வண்டி வந்தா போதும்."

நாலு வருஷத்தில் வால், கதவு, மட்காடு எல்லாம் வந்துவிட்டன. முன்பக்கம் மட்டும் வரவில்லை. பார்க்காததை எப்படிச் செய்வது? ஒரு வருஷம் முழுக்க வண்டி மூஞ்சி இல்லாமல் நின்றது. வேதகிரி அதன் முன்னால் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் பவளம் கொட்டகை வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கை வலிக்கவே முறத்தை வண்டியின் முன்னால் சாய்த்துவைத்துவிட்டு நிமிர்ந்தாள். மேலே அகலம், கீழே குறுகல், நெடுக நெடுகப் பிளாச்சுக் கோடுகள்.

"யோவ், இங்க வா. மூஞ்சி இன்னா, இப்டி இருந்தா ஆவாதா?"

அவன் வந்து பார்த்தான். பிறகு முறத்தை எடுத்துத் தகட்டின்மேல் வைத்து, அதைச் சுற்றிக் கரியால் கோடு போட்டான். "அப்ப உளுந்த எதுல பொடைக்கிறது?" என்று அவள் கேட்டது காதில் விழவில்லை.

பம்புசெட்டுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்ட்தான் கையில் இருந்தது. அதையே மூன்று தடவை அடித்தான்.

எண்பத்து மூன்றில் வண்டி முடிந்தது. பதிவு செய்ய, பழைய காரின் காகிதங்களையும் புது வண்டியின் போட்டோவையும் எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனான். அதிகாரி போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்குப்பா. ஆனா காகிதத்துல இருக்கிற வண்டி இது இல்லியே. ரோட்டுல ஓட்ட விட மாட்டாங்க" என்றார். வேதகிரி கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினான். வழியெல்லாம் வருத்தமாகத்தான் இருந்தது.

ஊருக்குள் பஸ் நுழையும்போது ஜன்னல் வழியே ஏரி தெரிந்தது. அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. கரைக்குக் கரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், சாம்பல் நிறத்தில் வானம்வரை நீண்டு கிடந்தது. அது ரோடு இல்லை.

மறுநாள் காலை நாலைந்து பேர் தள்ளிக் கொடுக்க வண்டி ஏரிக்குள் இறங்கியது. பவளம் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். வெடித்த மண் ஏடுகள் சக்கரத்தடியில் படபடவென்று நொறுங்கின. கொக்குகள் எழுந்து இரண்டு பக்கமும் விலகின. எந்தப் பக்கம் திருப்பினாலும் வழி இருந்தது. பவளம் ஏதோ சொன்னாள்; காற்று வாங்கிக்கொண்டது. அவள் சிரிக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

ஏரி காய்கிற கோடையில் மட்டும்தான் ஓட்டம். தண்ணீர் வந்துவிட்டால் வண்டி கொட்டகையில், அவன் கிணறுகளில். இரண்டாவது கோடையில் ஒருநாள் பவளம், "நான் ஓட்டறேன்" என்றாள். சைக்கிள்கூட விடத் தெரியாதவள்.

"மோதுனா?"

"எது மேல மோதுறது? இங்க இன்னா கீது?"

கிளச், பிரேக் எல்லாம் பத்து நாளில் பிடிபட்டுவிட்டது. ஒரு காலை அவனை இறங்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் கிளம்பினாள். வேதகிரி கரைமேல் ஏறி நின்றான். அத்தனை வருஷத்தில், தன் வண்டி ஓடுவதை அவன் வெளியே நின்று பார்த்ததே இல்லை.

வண்டி தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போனது. கானல் எழும்பி, சக்கரங்கள் தரையில் படாமல் தண்ணீரின்மேல் போவதுபோல் ஆயிற்று. பச்சை ஒருமுறை மினுங்கி, கலங்கி, மறுபடி சேர்ந்தது. பின்னால் புழுதி எழுந்து மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. சாலையில் போன பஸ் நின்று, ஆட்கள் இறங்கிப் பார்த்தார்கள். யாரோ, "யாருதுப்பா அந்தக் காரு?" என்று கேட்டார்கள்.

வேதகிரிக்கு அது கேட்கவில்லை. எதிர்க்கரை வரைக்கும் போன வண்டி அகலமாக ஒரு வட்டம் போட்டுத் திரும்பி, அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது.