தாமுவே ஏரியில் என் வலது கால் பூட்ஸ்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆழமில்லாத ஏரியில் இறங்கி மீன் பிடிக்கிறவன் வெறுங்காலோடு போவான். நான் ஆறு ரூபாய் கொடுத்து, தொடை வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். ரங்கூனைப் பற்றி எழுதுகிறவர்கள் பொன் கோபுரத்தில் தொடங்குவார்கள். என் ரங்கூன் அந்தப் பூட்ஸில்தான் தொடங்குகிறது.

சனிக்கிழமை பிற்பகல் சென்னைக் கப்பல் கரை சேர்ந்தது. அத்தை மகன் முருகையா துறைமுகத்திலேயே வேலை பார்ப்பவன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் பெட்டியைப் பிடுங்கினான். "நாளைக்கு ஞாயிறு. ஏரியில இறங்கப் போறோம். வர்றியா மச்சான்?" என்றான். குடல் இன்னும் அலைமேல் ஆடிக்கொண்டிருந்தது. வருகிறேன் என்றேன்.

வழியில் லத்தா கடைத்தெருவில், ஒரு சீனர் கடை வாசலில் அந்தப் பூட்ஸ் தலைகீழாகத் தொங்கியது. ஊருக்குத் திரும்பிய யாரோ வெள்ளைக்காரருடையதாம். என் கால் அதில் போனபிறகு இன்னொரு காலுக்கும் இடம் இருந்தது.

"இது எதுக்கு?" என்றான் முருகையா.

"கால் நனையாது."

"கால் நனையாம மீன் வேணும்னா சந்தைக்குப் போகணும், மச்சான்."

பூட்ஸுக்குத் துணையாக ஒரு தொப்பியும் வாங்கினேன். சூலே பகோடாவைச் சுற்றிக்கொண்டு, கியாக்டடாவின் பெரிய பெரிய அலுவலகங்களைக் கடந்து, தாமுவேக்கு ஏறக்குறைய மூன்று மைல். குதிரைவண்டிக்கு எட்டணா. வண்டிக்காரர் பூட்ஸுக்குத் தனியாக ஓரணா கேட்டார். வேடிக்கை என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

முருகையாவின் மனைவி மா ஹ்லா பர்மியப் பெண். தமிழ் நன்றாகவே பேசுவாள். ஆனால் ஒரு சொல்லில் முடிகிற காரியத்துக்கு இரண்டாவது சொல்லைச் செலவு செய்ய மாட்டாள். பூட்ஸைப் பார்த்தாள். "ம்" என்றாள்.

ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்கு முன்பே மொஹிங்கா கொடுத்தாள். மீன் குழம்பில் மிதக்கிற அரிசிச் சேமியா அது. இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். "இந்த மீனும் அந்த ஏரிதான்" என்றான் முருகையா. நடந்துகொண்டே மீதியையும் சொன்னான். போன வருஷம் வரை ஏரியின் இந்தக் கரையோரம் முழுக்க ஆகாயத் தாமரை. நாய் அதன்மேல் நடந்து போகும் அளவுக்கு அடர்த்தி. அப்போது இந்தத் தண்ணீரை யாரும் சீண்டவில்லை. தாமுவேக் குடும்பங்கள், தமிழரும் பர்மியருமாக, ஒரு கோடைகாலம் முழுவதும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையாலேயே பிடுங்கிக் கரையேற்றினார்கள். தண்ணீர் தெளிந்தது, மீன் வந்தது. மீனின் பின்னாலேயே குத்தகைக்காரரும் வந்தார். ஏரியின் ஆழமான பகுதியைத்தான் அவர் மீன் பிடிக்கக் குத்தகைக்கு எடுத்திருந்தார். இப்போது கரையோரமும் தன்னுடையதுதான் என்கிறார். இன்றைக்கு மூங்கில் நட்டு வேலி போட ஆள் வருகிறது.

"வந்தா?" என்றேன்.

"நாம தண்ணியில நிப்போம்."

எனக்கு மீன் பிடிக்கத்தான் அழைப்பு என்று நினைத்திருந்தேன்.

ஏரியில் முன்பே பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். இடுப்பளவுத் தண்ணீர், கையில் குட்டை மூங்கில் தூண்டில். அல்லி இலைகளுக்கு இடையே உள்ளங்கையளவு சந்து பார்த்து, முசுறு எறும்பின் முட்டை குத்திய முள்ளை மெல்ல இறக்குகிறார்கள். இலை லேசாக நடுங்கினால் பனையேறிக் கெண்டை. வெடுக்கென்று தூக்கி, இடுப்புக் கூடைக்குள். செவுள் பக்கம் பிடித்தால் கையைக் கிழித்துவிடும்; கிழித்தது.

"காலைத் தூக்காதீங்க அண்ணே. இழுங்க" என்றாள் மா ஹ்லா.

பூட்ஸ் போட்டவன் இழுப்பது எப்படி? தூக்கினேன். நான்காவது அடியில் ஒரு பள்ளம். மேல்வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே இறங்கியது. வலது கால் சேற்றுக்குள் முழங்கால் வரை போய் உட்கார்ந்துகொண்டது. முருகையா கொடுத்த தூண்டிலைப் பிடித்தபடி நான் கொடிக்கம்பம்போல் நின்றேன்.

அப்போதுதான் கங்காணி வந்தார். குத்தகைக்காரரின் ஆள்; பட்டுத் தலைப்பாகை; பின்னால் மூங்கில் கட்டோடு இரண்டு கூலியாட்கள். என் தொப்பியையும் பூட்ஸையும் பின்னாலிருந்து பார்த்தவர், இடுப்பை வளைத்து, "சலாம் துரை!" என்றார்.

திரும்ப முடியவில்லை. அந்தச் சலாமைக் கொஞ்ச நேரம் அனுபவித்தேன் என்பதும் உண்மை.

"மச்சான், தக்கை முங்குது பாரு!" என்று கத்தினான் முருகையா.

"மச்சானா?" என்றார் கங்காணி. இடுப்பு நிமிர்ந்தது. "எல்லாரும் மேல ஏறுங்க. மூங்கில் நடணும்."

"நடுங்க" என்றாள் மா ஹ்லா.

"நீங்க நின்னா எங்கே நடுறது?"

"ஆமா."

கங்காணி கரையிலிருந்து கயிறு பிடித்துப் பார்த்தார். வேலியின் நடுக்கம்பு வரவேண்டிய இடத்தில் நான். "யோவ் தொப்பி! நகரு."

"நகர முடியாது" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், நிலைமையைத்தான் சொன்னேன். தண்ணீரில் நின்றவர்களுக்கு அது போர்முழக்கமாகக் கேட்டது. ஓவென்று ஆரவாரம். கங்காணி கூலியாட்களை ஏவினார். அவர்கள் இறங்கி, ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்து இழுத்தார்கள். இழுப்புக்கு இழுப்பு ஏரியே சிரித்தது. கடைசியில் அவர்களும் சிரித்தார்கள். பளக் என்று ஒரு சத்தம். நான் வந்தேன். வலது பூட்ஸ் வரவில்லை.

"போய்யா, கரையேறு" என்றார் கங்காணி. இப்போது போக முடியும். எங்கள் ஊரில் நான் டிராம் கண்டக்டரிடம்கூட மீதிச் சில்லறை கேட்டு வாதாடியதில்லை. கரை நாலு எட்டுத் தூரம்தான். ஆனால் வயிற்றில் இரண்டு கிண்ணம் மொஹிங்கா இருந்தது. பக்கத்தில், கோடை முழுதும் களை பிடுங்கிய மா ஹ்லா, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தூண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஞ்சிய பூட்ஸையும் கழற்றிக் கரைக்கு எறிந்தேன். வெறுங்காலை இழுத்து இழுத்து அதே பள்ளத்துக்குப் போய் நின்றேன்.

"இப்பவும் நகர முடியாது" என்றேன்.

முருகையா வந்து ஒட்டி நின்றான். மற்றவர்களும் வரிசையாக நெருங்கினார்கள். கூலியாட்களில் ஒருவன் மூங்கில் கட்டின்மேல் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்தான். வெயில் உச்சிக்கு வந்தபோது கங்காணி, "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிப் போனார்.

நாளைக்கும் வந்தார், மறுநாளும் வந்தார். வேலைக்குப் போகிறவர்கள் போக, மற்றவர்கள் முறைவைத்துத் தண்ணீரில் நின்றார்கள். நானும் நின்றேன். அந்த வாரத்தில் பிடித்த கெண்டை ஐந்து. என்னைப் பிடித்த அட்டைகளை எண்ணவில்லை. நான் கிளம்பும்வரை ஒரு மூங்கில்கூட நடப்படவில்லை. இனியும் வேலி வராது என்று யாரும் எனக்கு உறுதி சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு காலை, முருகையாவும் மா ஹ்லாவும் வழியனுப்ப வந்த கப்பல் துறையில் என் பெட்டிக்குள் இடது பூட்ஸ் மட்டும் இருந்தது. ஒற்றைப் பூட்ஸோடு எந்த முகத்தோடு ஊர் போவது? "தங்கச்சி, தண்ணி வத்தினதும் அந்த வலது பூட்ஸைத் தோண்டி எடுத்துத் தபால்ல அனுப்பி வையேன்" என்றேன்.

"அது அங்கேயே நிக்கட்டும்" என்றாள் மா ஹ்லா.