கைகோர்வை

பட்டாளத்தில் நானும் அவனும் ஒரே கூடாரம். வடக்கே பனி. இருவருக்கும் தமிழ் தவிர வேறு பேச்சு வராது. முதலில் அதனால்தான் சேர்ந்தோம். பிறகு புருஷன் பெண்டாட்டி எப்படியோ அப்படி இருந்தோம். வேறு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. மேலே தெரிந்திருந்தால் சிறையில் போட்டு, யூனிபாரத்தையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார்கள்.

அவனுக்குத் தாய் தகப்பன் கிடையாது. லீவில் என்னோடு எங்கள் மலையூர் மஞ்சக்குட்டைக்கு வந்துவிடுவான். காப்பி எஸ்டேட்டில் கூலியாட்கள் லைனில் எங்கள் வீடு. அம்மாவுக்கு விறகு பிளந்து கொடுப்பான். ஒரு லீவில் அம்மா கேட்டாள்.

“ஏனுங்க தம்பி, எம்பொண்ணக் கட்டிக்கிறீங்களா?”

அவன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன்.

மறுநாள் காப்பிக் காட்டில் சொன்னான்.

“எத்தன நாளைக்குக் கூட்டாளின்னு சொல்லிட்டு வர்றது? இப்பவே லைன்ல ஒரு மாதிரி பாக்கறாங்க. மச்சான் மாப்பிள்ளன்னு ஆயிட்டா ஆரு கேப்பாங்க? சாகற வரைக்கும் வரலாம்டா.”

“எந்தங்கச்சி?”

“நல்லா வெச்சுக்குவேன்.”

சரி என்றேன்.

எங்கள் கல்யாணத்தில் கைகோர்வை என்று ஒரு சீர் உண்டு. மாப்பிள்ளையும் பெண்ணின் அண்ணனும் எதிரெதிரே உட்கார்ந்து கை கோத்துக்கொள்ள வேண்டும். வாழ்த்துப் பாட்டு முடியும்வரை விடக்கூடாது. ஊர் பார்க்க அவன் கையை நான் பிடித்தது அந்த ஒரு தடவைதான். பாட்டு முடிந்தது. அவன் விடவில்லை.

“ஏனுங் மாப்பிள்ள, மச்சானயேவா கட்டிக்கிட்டீங்க? பொண்ணு அந்தப் பக்கம் இருக்குதுங்க!” என்றார் ஒரு மாமா.

பந்தலே சிரித்தது. தங்கையும் சிரித்தாள். நான்தான் கையை உருவிக்கொண்டேன்.

அடுத்த லீவில் அவனுக்குப் பாய் உள்ளே, தங்கையோடு. அவள் வயிற்றில் பிள்ளை. முகம் தெளிந்திருந்தாள்.

“நொம்ப நல்லவருங்ணா அவரு. நீ பாத்துக் குடுத்தவராச்சே,” என்றாள்.

சாயங்காலம் களத்தில் காப்பிப் பழத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவன் வந்து பக்கத்தில் நின்றான். ஆள் நடமாட்டம் இல்லை. இதற்காகத்தான் அவ்வளவும் செய்தோம். என் தோளில் கை வைத்தான்.

“தங்கச்சி தேடுவா. உள்ள போங்க மாப்பிள்ள,” என்றேன்.

கையை எடுத்துக்கொண்டான்.

“சரிங்க மச்சான்,” என்றான். போனான்.

லீவு இன்னும் மீதி இருந்தது. அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, விடிந்ததும் சேலத்துக்கு பஸ் ஏறினேன். பட்டாளத்துக்குப் போனதும் வேறு இடத்துக்கு மாற்றல் கேட்டேன். கொடுத்தார்கள்.