ராஜாவிடம் எதற்குப் போய்க் கேட்பது

பெரிய வெள்ளி அன்று எங்கள் சபையில் பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை. கம்பெனியில் அன்றைக்கு லீவு கிடையாது, எனக்குக் காலை ஷிப்ட் விழுந்திருந்தது. நான் யாரிடமும் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் ஜோதிலட்சுமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு எனக்கு ஆஃப்புக்கா. உன் எடத்துல நான் நின்னுக்கறேன். நீ சர்ச்சுக்குப் போ."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். எனக்கு அந்த நாள் எப்பேர்ப்பட்டது என்று அவளாகவே யோசித்து வைத்திருந்தாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனி எங்களுடையது. பேக்கிங்கில் பன்னிரண்டு பெண்கள், எல்லோரும் காண்ட்ராக்ட். ஒருத்திக்கு ஒரு நாள் முடியவில்லை என்றால் ஆஃப் இருக்கிற இன்னொருத்தி வந்து நிற்பாள். சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னால் போதும். நான் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் நடந்தது.

ஜோதிக்கு முப்பத்தெட்டு வயது. ஆரம்பாக்கத்துப் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பம். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அண்ணன்கள் வீட்டில் அவளுக்கு இடம் இல்லாமல் போயிற்று. ஸ்டேஷன் பின்னால் ஒரே ரூமில் தனியாக இருந்தாள். அவள் போன் மணி அடித்து நான் கேட்டதே இல்லை. கேட் பாஸ் ஃபாரத்தில், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற இடத்தில், "உன் பேர எழுதிக்கட்டாக்கா?" என்று கேட்டு என் பேரை எழுதினாள்.

அவளுக்கு இருந்த ஒரே துணை படிப்பு. தபாலில் பி.ஏ. அரசியல் படித்தாள். எல்லாம் பாஸ். இங்கிலாந்து அரசாங்கம் எப்படி நடக்கிறது என்ற ஒரு பாடம் மட்டும் நின்றுபோயிருந்தது. ஒரு வாட்டி நாலு மார்க்கில் போனது, ஒரு வாட்டி காய்ச்சல். இந்த ஜூன் மாதமும் விட்டால் அவள் பதிவே முடிந்துவிடும், ஆறு வருஷப் படிப்பும் வீண்.

சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் தாள்களை விரித்து வைத்துக்கொள்வாள். எங்களோடு பேக்கிங்கில் இருந்த மெர்சிக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு.

"இன்னா லண்டன் மகாராணி, ராஜா நாஷ்டா சாப்ட்டாராமா?"

"சாப்ட்டாரு. உன்னத்தான் கேட்டாரு, மூடி எண்ணி முடிச்சாளான்னு" என்பாள் ஜோதி.

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். அதனாலோ என்னவோ, என்னிடம் சொல்லிப் பார்த்தால் தனக்கு மனசில் நிற்கும் என்பாள்.

"அங்க நம்ம மாதிரி எல்லாத்தையும் ஒரே புக்குல எழுதி வெக்கலக்கா. கொஞ்சம் சட்டம், மீதி பழக்கம். எலெக்சன் வைக்கணும்னா பிரதமரு ராஜாகிட்ட போய் கேக்கணும். ராஜா இல்லன்னு சொல்றது கெடையாது."

"சொல்ல மாட்டாருன்னு தெரிஞ்சிக்கினே இன்னாத்துக்குப் போய் கேக்கணும்?"

"அதத்தான்க்கா பரீட்சையில கேக்கறான். பத்து மார்க்கு!" என்று சிரித்தாள். பிறகு, "கேக்காம வுட்டா அந்தப் பழக்கமே பூடும்க்கா. கோர்ட்டுக்குப் போயும் வாங்க முடியாது. செஞ்சிக்கினே இருந்தாதான் அது இருக்கும்" என்றாள்.

எனக்கு அது ஜெபம் மாதிரிப் பட்டது. நமக்கு என்ன வேண்டும் என்று ஆண்டவருக்குத் தெரியும். ஆனாலும் கேளுங்கள் என்றுதானே சொல்லியிருக்கிறார். அதை அவளிடம் சொன்னேன். "நீ எழுதினா பாஸ்க்கா" என்றாள்.

பரீட்சை பொன்னேரியில், ஒரு சனிக்கிழமை காலையில். அன்றைக்கு அவளுக்கு டூட்டி, எனக்கு ஆஃப். அவள் கேட்பதற்கு முன்னாலேயே நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்த மாதம் வசந்தகுமார் என்று ஒரு புது சூப்பர்வைசர் வந்திருந்தார். ஜோதி போய்ச் சொன்னதும் மெஷின் பக்கம் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்தார்.

"ரிஜிஸ்டர்ல யார் பேர் இருக்கோ அவங்கதான் வரணும். ஆள் மாத்தறது எந்த ரூல்ல இருக்குது?"

"ரூலு இல்ல சார். பழக்கம். நாங்க எப்பவும் மாத்திக்குவோம்" என்றாள் ஜோதி.

"எப்பவுமா? இதுவரைக்கும் யார் யார் மாத்திக்கினீங்க? கைய தூக்குங்க பாக்கலாம்."

அந்த மாதம்தான் எங்கள் கேட் பாஸ் எல்லாம் புதுப்பிக்க வேண்டியிருந்தது, அவர் வேண்டாம் என்றால் வேலை போய்விடும். மெர்சி தரையைப் பார்த்தாள். பன்னிரண்டு பேரில் ஒரு கையும் எழும்பவில்லை. நானும் தூக்கவில்லை. ஜோதி திரும்பி யாரையும் பார்க்கவில்லை. தன் கையுறையைச் சரிசெய்துகொண்டு மூடி எண்ணப் போய்விட்டாள்.

சனிக்கிழமை விடியற்காலையில் நான் குளித்துவிட்டு முழங்காலில் நின்றேன். எப்படியாவது அவள் இடத்தில் போய் நின்றுவிடலாம் என்று நினைத்தேன். கம்பெனி பஸ் எங்கள் தெருமுனைக்கு வந்து இரண்டு முறை ஹாரன் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. பஸ் போன சத்தம் அடங்குகிற வரைக்கும் ஜெபம் செய்துகொண்டே இருந்தேன். ஆண்டவரைத் தெரியாது என்று சொன்ன பேதுருவை நினைத்து அழுதேன். என் ஜெபங்களில் அதைப் போல வெட்கமானது வேறு இல்லை.

ஜோதி பரீட்சைக்குப் போய்விட்டாள். திங்கட்கிழமை அவள் கேட்டுக்கு வெளியே நின்றிருந்ததை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செக்யூரிட்டி அவள் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே அவள் இடத்தில் மதியத்துக்குள் வேறு பெண் வந்துவிட்டாள்.

ஊத்துக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது என்று அவளே எனக்குப் போன் செய்தாள். அவள் கிளம்புகிற அன்றைக்கு நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இரண்டு பை வைத்திருந்தாள். ஒன்றில் துணி, இன்னொன்றில் தாள்கள். வழியனுப்ப வேறு யாரும் வந்திருக்கவில்லை. நான் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தக் கேள்வியே வந்துச்சுக்கா. ராஜாகிட்ட இன்னாத்துக்குக் கேக்கணும்னு. மூணு பக்கம் எழுதனேன்" என்றாள். முகம் மலர்ந்திருந்தது.

"நான் அன்னிக்குக் கைய தூக்கலியே ஜோதி. எனக்காக வந்து நின்னவ நீ" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்ததும் உள்ளே ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பிறகு கம்பி வழியாகக் குனிந்தாள்.

"வர்ற பெரிய வெள்ளிக்கு அந்த சூப்பர்வைசர் கிட்ட போய்க் கேளுக்கா, ஆஃப் இருக்கற ஒருத்தி எனக்குப் பதிலா நிக்கிறான்னு."

"இல்லன்னுடுவாரே ஜோதி."

"சொல்லட்டும்க்கா. நீ கேக்காம மட்டும் இருந்துடாத."