அம்மா திறந்துவிட்ட அறை

மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. எது நடந்தாலும் வரிசைப்படுத்தி எழுதினால்தான் எனக்கு யோசிக்க வரும். அம்மா ஊரைவிட்டு வந்து குடியேறிய இந்த வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டுக்குப் பொலிஸ் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். பின்னேரம் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவைக் குசினியில் இருத்திக் கேட்டு எழுதினேன்.

ஒன்று, மணி அடித்தது. இரண்டு, அம்மா கதவைத் திறந்தார். மூன்று, இரண்டு பொலிஸ்காரர் தம்பியைத் தேடினார்கள். அவன் வீட்டில் இல்லை. நான்கு, அம்மா எல்லாருடைய அடையாள அட்டைகளையும் எடுத்து மேசையில் பரப்பினார். ஐந்து, அவர்கள் கேட்காமலே ஒவ்வோர் அறையாகத் திறந்துகொண்டு போனார். கடைசியாகக் கீழே பேஸ்மென்றில் தம்பியின் அறையையும் திறந்துவிட்டு, வெளியே போய் நின்றார்.

அந்த அறை அலுமாரியில் பொலிஸ் கண்டெடுத்தது ஒரு சப்பாத்துப் பெட்டி. அதற்குள் போதை மாத்திரைகள்.

ஏன் திறந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஊரிலை ஆமி வந்தால் அப்பிடித்தானே, பிள்ளை. நாங்களே திறந்துவிட்டால் கதவை உடைக்கமாட்டினம்."

நான் இங்கே பிறந்தவள். படத்தில்தான் ஆமியைக் கண்டிருக்கிறேன்.

தம்பியைக் கைதுசெய்து வழக்குப் போட்ட பொலிஸிடம் தேடுதல் ஆணை இருக்கவில்லை என்றார் அவனுடைய சட்டத்தரணி. மறுக்கலாம் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லவுமில்லை. வளர்ந்த மகனின் அறைக்குத் தாய் சம்மதம் கொடுக்கவும் முடியாதாம். அரசியல் சாசனம் தரும் உரிமை மீறப்பட்டதால் பெட்டியைச் சான்றாக ஏற்கக் கூடாது என்று கேட்கப்போகிறார். ஏற்காவிட்டால் வழக்கே நிற்காது. ஏற்றால் தம்பிக்கு மறியல், சிறைக்குள் போகவேண்டியதுதான். என் பட்டியலைக் கண்டதும், இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவேண்டாம், நினைவிலிருப்பதை அவரே சொல்லட்டும் என்றார்.

எனக்கு விளங்கவில்லை. எந்த வழியில் கண்டுபிடித்தாலும் பிழை பிழைதான் என்பது எங்கள் வேலையின் விதி. பெட்டி அங்கே இருந்ததுதானே என்று கேட்டேன். இருந்ததா என்பதல்ல, அதை எடுத்த விதத்துக்கு நீதிமன்றம் துணைபோகலாமா என்பதே கேள்வி என்றார். தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து ஆறாவதாக அதை எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.

நீதிமன்றத்தில் அம்மா தமிழில் சாட்சி சொன்னார். யாராவது மிரட்டினார்களா என்று அரசதரப்புச் சட்டத்தரணி கேட்டார். இல்லை, நல்ல மரியாதையான பிள்ளைகள், சப்பாத்தோடு உள்ளே வந்ததைத் தவிர ஒரு குறையும் இல்லை என்றார் அம்மா. பிறகு எங்கள் சட்டத்தரணி, ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று கேட்டார். அம்மா மொழிபெயர்ப்பாளரையே பார்த்தார்.

"அப்பிடிச் சொல்லலாமோ?"

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கி, அதை ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி குனிந்து எழுதினார்.

சில வாரங்களில் தீர்ப்பு வந்தது. பெட்டி சான்றாகாது. அரசதரப்பிடம் வேறெதுவும் இல்லை. வழக்கு அன்றே முடிந்தது.

மூவரும் காரில் திரும்பினோம். அம்மா என் பக்கத்தில், தம்பி பின்னால். கைதான நாளிலிருந்து அவன் எங்களிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பிள்ளை, பொலிஸ் செய்தது பிழை எண்டால், இவன் செய்தது சரியோ?"

"ரெண்டும் வேற வேற, அம்மா."

"எப்பிடி?"

சட்டத்தரணி சொன்னதைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் எனக்கே பிடிபடாமல் போனது. திரும்ப வேண்டிய இடத்தையும் தவறவிட்டேன்.

"அக்கா, கொஞ்சம் நிப்பாட்டு," என்றான் தம்பி.

கடைகள் இருந்த ஒரு பிளாசாவுக்குள் விட்டு நிறுத்தினேன். எங்களுக்கு முன்னால் ஒருவர் அரிசி மூட்டையைத் தன் காரின் ட்ரங்கில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"பெட்டி என்ரதான்," என்றான்.

அம்மா திரும்பவில்லை. மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி என்னைத்தான் கேட்டார்.

"இப்ப இதை ஆரிட்டைப் போய்ச் சொல்லவேணும்?"

சட்டப்படி யாரிடமும் சொல்லத் தேவையில்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

"அதெப்பிடி?" என்றார் அம்மா.