ஃபாரத்தில் இல்லாத மாடி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, செங்கல் சுமந்து, ஈஜிபுராவில் மூன்று மாடி கட்டியவன் நான். எங்கள் தெருவில் அவ்வளவு உயரம் முதலில் எழுப்பியது நான்தான்.

மூன்றாம் மாடியில் கார்ப்பரேஷன் பள்ளி வாத்தியார் ஒருவர் குடியிருந்தார். ஒல்லியான ஆள், சட்டையில் எப்போதும் சாக்பீஸ் தூள். ஏறும்போது ஒவ்வொரு படியையும் வாய்விட்டு எண்ணுவார்.

வீட்டு வரியை நாமே கணக்கிட்டு எழுதித் தரலாம் என்று விதி வந்த வருஷம், ஃபாரத்தை அவரிடம் கொண்டுபோனேன்.

"ரெண்டு மாடின்னு எழுதுங்க வாத்தியாரே."

"நாம உக்காந்திருக்கறது மூணாவதுல, ஓனர்."

"அது ஆபீசுக்கு எதுக்கு?"

"இந்த வரியில பள்ளிக்கூடத்துக்குன்னு ஒரு பங்கு போகுது. எங்க கூரை ஒழுகி, ரெண்டு கிளாஸ் ஒரே ரூம்ல உக்காந்திருக்கு."

"அதுக்கு வருமான வரி இருக்கே. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்க கட்டட்டும்."

"நானும்தான் கட்டறேன். என் சம்பளம் யார் கண்ணுக்கும் தெரியாது, அதைப் பிடிச்சுடறாங்க. உங்க வீடு தெருவுக்கே தெரியுது, அது தப்பிச்சுடுது."

என் வீட்டிலேயே இருந்துகொண்டு என்னிடம் இப்படிப் பேசியவர் அதுவரை யாருமில்லை. ஆனால் நான் சொன்னபடியே இரண்டு மாடி என்று எழுதி நீட்டினார்.

மறுநாள் மாலை அவர் படியேறுவதைப் பார்த்தேன். இரண்டாம் மாடி வரை எண்ணினார். அதற்கு மேல் சத்தமில்லை. காலி செய்து போகும்வரை அப்படித்தான் ஏறினார்.

அது கோபமா, கேலியா, இன்றும் எனக்குப் புரியவில்லை. இப்போது நான் ஏறும்போது எண்ணிப் பார்க்கிறேன். எனக்கும் இரண்டாம் மாடியோடு நின்றுவிடுகிறது.