பொட்டலத்தின் குறட்டை

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பிரேக்கக்கா என்று பெயர். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற ஆசிரியர்கள் முதலில் கத்துவார்கள், பிறகுதான் காலை வைப்பார்கள். இவள் வாயையே திறக்க மாட்டாள். கார் அலுங்காமல் குலுங்காமல் நிற்கும். நின்ற பிறகு, "ஏன் நின்னோம்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்பாள். அவளிடம் பழகியவர்கள் முதல் தேர்விலேயே உரிமம் வாங்கிவிடுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

பள்ளி அண்ணனுடையது. அப்பா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். கல்யாணமாகி, அது சரிப்பட்டு வராமல் அவள் பெட்டியோடு திரும்பி வந்தபோது, ஒரு வார்த்தை கேட்காமல் கீழ்வீட்டுச் சாவியை எடுத்து நீட்டியவரும் அவர்தான். அண்ணனும் அண்ணியும் மாடியில் இருந்தார்கள். இவள் கீழே.

அண்ணனுக்கு உயிர் என்றால் பிரெஞ்சு புல்டாக் நாய்கள்தான். வௌவால் காது, சப்பை மூக்கு, மேசைக்கால் மாதிரி நாலு கால். "மத்த நாயெல்லாம் வாலை ஆட்டும், இதுக்கு வால் இல்லாததால உடம்பையே ஆட்டும்" என்பார். குட்டி எடுப்பது, வளர்ப்பது, எந்த ஜோடி சேர்ந்தால் எப்படிப்பட்ட தலை வரும் என்று கணக்குப் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் கண்காட்சியில் நாயோடு ஓடிக் காட்ட அவருடைய முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அதனால் ரிங் என்கிற கயிறு கட்டிய காட்சித் திடலுக்குள் இறங்குவது தங்கச்சியின் வேலையாயிற்று.

அந்த இனத்தில் குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு சிறிது. பெரும்பாலும் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்து, துண்டில் சுருட்டி மருத்துவர் நீட்டிய ஒரு குட்டியைப் பார்த்து, "என்னங்க, பொட்டலம் மாதிரி கட்டிக் குடுக்குறாரு" என்றாள் அண்ணி. பதிவுச் சான்றிதழில் அவனுக்கு வாயில் நுழையாத நீளப் பெயர். வீட்டில் பொட்டலம்.

பொட்டலம் வளர வளர அண்ணனின் முகம் மலர்ந்துகொண்டே போனது. கறுப்பு உடம்பில் பொன் கோடுகள், நெஞ்சில் ஒரு வெள்ளைத் திட்டு, முன்னங்கால்கள் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தது போல நேர். காலையில் பயிற்சி மைதானத்தில், பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே அவனை நடக்கப் பழக்கினாள். கழுத்து வார் தொய்யவும் கூடாது, இறுகவும் கூடாது. சட்டைப் பையில் வேகவைத்த ஈரல் துண்டுகள் இருக்கும். அதே சட்டையோடு வகுப்புக்கும் போய்விடுவாள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் மரியாதைக்காக வாடையைப் பற்றிச் சொல்லாமல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்வார்கள்.

அவன் அவள் வீட்டில்தான் தூங்குவான். அந்தக் குறட்டை மாடிவரை கேட்கும். "நேத்து உன் வீட்டுல யாரு மரம் அறுத்தது?" என்று அண்ணி கேட்பாள். தூங்கும் விதமும் வேடிக்கையாக இருக்கும். அவளுடைய செருப்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டு தூங்குவான். இல்லையென்றால் வாயில் பந்தைக் கவ்விக்கொண்டு, உட்கார்ந்தபடியே கண் சொக்குவான். அந்தப் படத்தைத்தான் அண்ணன் பள்ளியின் வரவேற்பறையில் மாட்டினார். குட்டி கேட்டு வருகிறவர்களுக்கும் அதைத்தான் அனுப்பினார். பார்த்தவர்கள் எல்லாம் சொக்கிப்போனார்கள். பொட்டலம் அப்பனாகவும் ஆகிவிட்டான். குட்டிகள் ஊரெங்கும் போயின.

உள்ளூரில் பரிசு வாங்கிச் சலித்துப்போனதும் அண்ணனுக்குச் சர்வதேசப் பட்டத்தின் மேல் ஆசை வந்தது. வேறுவேறு நாடுகளில், வேறுவேறு நடுவர்கள் கையால் சான்றிதழ் வாங்க வேண்டும். சப்பை மூக்கு நாயை ஏற்ற விமானக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். வழியில் மூச்சு முட்டிச் செத்துவிடுமாம். "பயந்தாங்கொள்ளிங்க" என்று அண்ணன் திட்டினார். எல்லைகளைக் காரிலேயே தாண்டினார்கள். அவள் ஓட்டினாள், அவர் பின் இருக்கையில் பொட்டலத்துக்கு ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டே வந்தார். விமானக்காரர்கள் ஏன் பயந்தார்கள் என்று இருவருமே யோசிக்கவில்லை.

கடைசிச் சான்றிதழுக்கான கண்காட்சி ஒரு பெரிய வணிகக் கூடத்தில் நடந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே ஆயிரம் நாய்களின் சூடும் முடி உலர்த்திகளின் இரைச்சலும். நடுவர் ஒரு நெட்டை அம்மாள், வெள்ளை முடி. மேசைமேல் நிறுத்தி வாயைத் திறந்து பல் பார்த்தார், காதை நிமிர்த்திப் பார்த்தார், முதுகைத் தடவினார். பிறகு முக்கோணமாக ஓடச் சொன்னார். எல்லோரையும் கழித்துவிட்டுக் கடைசியில் பொட்டலத்தையும் ஒரு வெளிர்நிற நாயையும் மட்டும் நிறுத்திக்கொண்டார். யோசித்தார். இன்னொரு சுற்று என்று விரலைச் சுழற்றினார்.

பாதிச் சுற்றில் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. வீட்டில் கேட்ட அதே குறட்டைதான். ஆனால் நாய் விழித்திருந்தது, ஓடிக்கொண்டிருந்தது. கீழே பார்த்தாள். நாக்கு நீளமாகத் தொங்கியது, அதன் நிறம் அவளுக்குப் பிடிக்கவில்லை. கயிற்றுக்கு அப்பால் அண்ணன் ஊன்றுகோலை மறந்து எழுந்து நிற்பதும் தெரிந்தது. அந்த முகத்தில் அப்படி ஒரு ஆசையை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓடி முடித்தாள்.

நடுவர் பொட்டலத்தைக் காட்டினார்.

பரிசு மேடையில் படம் எடுத்து முடிக்கும்வரை நின்றான். இறங்கியதும் பின்னங்கால் மடங்கிச் சரிந்தான். ஈறுகள் நாவல்பழ நிறத்துக்குப் போயிருந்தன. கண்காட்சி மருத்துவர் ஓடி வந்து, வயிற்றில் குளிர்ந்த நீர் ஊற்றி, மூக்கில் பிராணவாயுக் குழாயை வைத்தார். வெகுநேரம் கழித்து நாக்கில் சிவப்பு திரும்பியது. மருத்துவர் தரையிலேயே உட்கார்ந்தபடி கேட்டார்.

"வீட்டுல எப்படித் தூங்குவான்?"

அண்ணன் பெருமையாகக் கைபேசியை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார்.

மருத்துவர் சிரிக்கவில்லை. "படுத்தா இவனுக்குத் தொண்டை அடைச்சுக்குது. அதனாலதான் தாடையை உயரத்துல வைக்கிறான். பந்தைக் கவ்வுறது வாயைத் திறந்து வெச்சுக்க. இது விளையாட்டு இல்லங்க. இவன் நிம்மதியா தூங்கியிருக்கவே மாட்டான்."

திரும்பி வரும் வழியெல்லாம் கோப்பை முன் இருக்கையில் இருந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை.

ஊரில் மருத்துவர் சோதித்துவிட்டு, மூக்குத் துளைகளை அகலப்படுத்தி, உள்ளே நீண்டு தொங்கும் அண்ணத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் ஓரளவு சரியாகும் என்றார். ஆனால் அறுவை செய்த நாயை ரிங்கில் காட்ட முடியாது. பட்டம் கைக்கு வந்துவிட்டது, ஆனால் உலகக் கண்காட்சி என்று ஒன்று பாக்கி இருந்தது. அண்ணன் அதற்குப் பெயர் கொடுத்திருந்தார்.

"அது முடியட்டும், அப்புறம் பண்ணிக்கலாம்" என்றார்.

"அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

"எல்லா பிரெஞ்சு புல்டாக்கும் இப்படித்தாம்மா மூச்சு விடும். நான் இன்னைக்கு நேத்தா பாக்குறேன்?"

"எல்லாம் இப்படித்தான் விடுதுங்கிறதுதான் அண்ணா எனக்குப் பயமா இருக்கு."

அண்ணி சோறு போட்டு வைத்த தட்டை அண்ணன் நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

அண்ணன் தேர்வு மைதானத்துக்குப் போயிருந்த ஒரு காலையில் அவள் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். சம்மதக் கையெழுத்தைத் தானே போட்டாள். மயக்கம் தெளிந்து வீட்டுக்கு வந்த நாயைப் பார்த்ததும் அண்ணன் மாடிப்படியில் அப்படியே நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "உன் இஷ்டத்துக்குப் பண்ணிட்ட" என்று மட்டும் சொன்னார். மறுநாள் வரவேற்பறைச் சுவரில் படம் இல்லை, ஆணி மட்டும் இருந்தது.

புண் ஆறியதும் பொட்டலம் வெறுந்தரையில் கால்களை நீட்டி, ஒருக்களித்துத் தூங்கினான். சத்தமே இல்லை. பழக்கமில்லாத அந்த அமைதியில் அவளுக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. அவன் குட்டிகள் எப்படித் தூங்குகின்றன என்ற நினைப்பு அங்கேதான் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வீடாகப் போனாள். குட்டி வாங்கிப் போனவர்களை அவளே காரில் கொண்டுபோய் விட்டிருந்ததால் தெருக்கள் தெரியும். முதல் வீட்டில் ஒரு தையற்காரப் பெண். கதவைத் திறந்ததுமே முகம் மலர்ந்து, "இதப் பாருங்க, உக்காந்தே தூங்குது, அப்பன் மாதிரியே" என்று தையல் இயந்திரத்தின் மிதிமேல் தாடை வைத்திருந்த குட்டியைக் காட்டினாள். அதைச் சொல்லத்தான் வந்தேன் என்று பிரேக்கக்கா ஆரம்பித்தாள். கேட்டு முடித்ததும் அந்தப் பெண்ணின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"இதைக் குடுக்கும்போதே சொல்லியிருக்கலாமே."

"எங்களுக்கும் அப்பத் தெரியாதுங்க."

"இத்தனை வருஷமா நாய் வளக்குறீங்க. தெரியாதா?"

அவள் குனிந்து குட்டியின் தாடைக்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

இன்னொரு வீட்டில் குட்டி நன்றாகவே இருந்தது, மாடிப்படியில் ஏறி இறங்கிக் காட்டியது. அவள் அந்த வாசலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாள். மற்றொரு வீட்டில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் தனியாக இருந்தார். "மத்தியானம் பந்து விளையாடிட்டு இருந்துச்சு. படுத்துச்சு. வெயிலுக்குப் படுத்திருக்குன்னு நினைச்சேன்" என்றார். உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவர் கோபப்படவே இல்லை.

விஷயம் அண்ணன் காதுக்குப் போகாமல் இருக்குமா? தொலைபேசி அழைப்புகள் வர ஆரம்பித்தன. அவர் கீழே இறங்கி வந்து, வாசற்படியைத் தாண்டாமல் நின்றார்.

"ஊர் பூரா போய் என் மானத்தை வாங்குறியாமே."

"குட்டிங்க எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்தேன் அண்ணா. ஒண்ணு செத்துப்போச்சு."

"எது?"

"நெத்தியில வெள்ளைக் கோடு இருந்ததே, அது."

அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குட்டிக்கு அவர்தான் துளி துளியாகப் பால் புகட்டிப் பிழைக்க வைத்தார். பிறகு ஒவ்வொரு படியாக ஏறிப் போனார்.

அதோடு மனம் மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. பொட்டலத்தின் மகள் ஒருத்தி மாடியில் வளர்ந்துகொண்டிருந்தாள். ரிங்கில் அந்த நாயோடு ஓடிக் காட்ட வெளியிலிருந்து ஆள் பிடித்தார். ஒரு நாள் மட்டும், அவள் பயிற்சிக் காரில் ஆளுக்காகக் காத்திருந்தபோது, அந்த நாயை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து ஜன்னலருகே நின்றார்.

"கொஞ்சம் கேட்டுச் சொல்லு."

அவள் அதன் தொண்டையோரம் காதை வைத்துக் கேட்டாள். "பொட்டலத்தை விட மோசம் அண்ணா."

"கண்காட்சிக்குப் பேர் குடுத்தாச்சு" என்றார் அவர். நாயின் காதைத் தடவிக்கொண்டே போனார்.

கண்காட்சிக்கும் கூட்டிப்போனார். பரிசும் வந்தது. ஆனால் பொட்டலத்தின் மகளை எந்த நாயோடும் இணை சேர்க்கவில்லை. குட்டி கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லி அனுப்பினார், காரணம் சொல்லவில்லை. "உங்க அண்ணன் ராத்திரியில எழுந்து அது பக்கத்துல போய் உக்காந்துக்குறாரு" என்று அண்ணி மாடிப்படியில் வைத்து மெதுவாகச் சொன்னாள். அண்ணனும் தங்கையும் வகுப்பு நேரத்தைப் பற்றியும் டயரைப் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு குட்டியை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை. அந்தக் குடும்பம் வீடு மாறிப் போய்விட்டது. எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியவில்லை. இப்போதும் அந்தத் தெரு வழியாகப் பயிற்சிக் கார் போனால், வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இறங்குவாள். கடைக்காரரிடம் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பி வருவாள். ஓட்டக் கற்றுக்கொள்பவர் என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல, எடுங்க" என்பாள்.